தாத்தாவின் பெயரும் பேரனின் பெயரும்: வீரமாமுனிவர் கற்றுத்தந்த பாடம்



காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தை மனக்கண்முன் கொண்டுவருவோம். கூடத்தில் தறி. மூலையில் சாயம் தோய்த்த பட்டு. வீட்டில் முதல் பேரன் பிறந்திருக்கிறான். வரும் ஞாயிறு திருமுழுக்கு. தாத்தாவின் பெயர் அருளப்பன் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தம் பெயர் பேரனுக்கு வரவேண்டும் என்று ஆசை. ஆனால் வாய்விட்டுக் கேட்கவில்லை. பெற்றோர் ஷான் என்ற பெயரைத் தேர்ந்துவிட்டார்கள். பாட்டிக்கு அந்தப் பெயர் நாவில் நிற்கவில்லை. ஞானப்பெற்றோர் இரு பக்கமும் பேச முடியாமல் நிற்கிறார்கள். பதிவேட்டில் என்ன எழுதுவது என்று உபதேசியார் காத்திருக்கிறார்.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அன்று. நம் பங்குகளில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். தாத்தாவுக்கு மனத்தாங்கல், மகனுக்கு எரிச்சல், மருமகள்மீது பழி. இப்படிச் சில வீடுகளில் திருமுழுக்கு விருந்தே பேச்சில்லாமல் முடிந்துபோகிறது.

இந்த மனத்தாங்கலில் நாம் கவனிக்காத ஓர் உண்மை உண்டு. ஷான் என்பது அயர்லாந்து மக்கள் யோவானை அழைக்கும் பெயர். அருளப்பன் என்பது தமிழ்க் கத்தோலிக்கர் அதே யோவானை அழைத்துவந்த பெயர். எபிரேயத்தில் அப்பெயரின் பொருள், ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்பது. ஆக, தாத்தாவின் பெயரும் பேரனின் பெயரும் ஒன்றே! ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. காரணம், பெயரின் பொருளை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பெயருக்குப் பொருள் உண்டு, அந்தப் பொருள் கேட்பவருக்குப் புரியவேண்டும் என்பதற்காகத் தம் வாழ்நாளையே செலவிட்ட ஒரு குருவானவர் நம் மண்ணில் வாழ்ந்தார். இன்றும் நமக்குப் பாடம் சொல்லும் அவரது வாழ்க்கையைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

இத்தாலி நாட்டில் மாந்துவா நகருக்கு அருகே காஸ்திலியோனே என்ற சிற்றூர் உள்ளது. இயேசு சபையின் இளம் புனிதரான ஞானப்பிரகாசியார் அவ்வூர்ப் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். அதே ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தவர்தான் கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி. இவரைத்தான் நாம் வீரமாமுனிவர் என்று அழைக்கிறோம். பெற்றோர் சூட்டிய பெயரில் இரண்டு சொற்கள் இருந்தன. கொன்ஸ்தான்சோ என்றால் உறுதியில் நிலைத்திருப்பவன். ஜுசேப்பே என்பது நம் சூசையப்பரின் இத்தாலியப் பெயர். அந்த இரு பெயர்களும் பின்னாளில் தமிழில் வேறு உருவம் பெறும் என்று அன்று அந்தத் தாய் தந்தையர் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

1698இல் பெஸ்கி இயேசு சபையில் சேர்ந்தார். 1709இல் குருவானார். மறுஆண்டே கடல் கடந்து கோவா வந்து சேர்ந்தார். 1711இல் மதுரை மறைப்பணித்தளத்தில் காலடி வைத்தார். புனித அருளானந்தர் ஓரியூரில் இரத்தம் சிந்தி அப்போது பதினெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த அருளானந்தரும் போர்த்துக்கல்லில் யோவான் என்ற பெயரோடு பிறந்தவர்தான். இங்கே வந்தபோது அந்தப் பெயரின் அருளைத் தமிழில் ஏந்திக்கொண்டார். அவருக்கும் முன்னே 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி தத்துவ போதகர் என்று பெயர் கொண்டார். முன்னோர் காட்டிய இந்த வழியில் பெஸ்கியும் நடந்தார். முதலில் தைரியநாதர் என்று அழைக்கப்பட்டார். தம் பெயரிலிருந்த உறுதியை நம் மக்களுக்கு விளங்கும் சொல்லில் மாற்றியதன் விளைவு அது. தமிழில் ஆழ்ந்த பிறகு வீரமாமுனிவர் என்ற பெயர் நிலைத்தது. வடசொல்லான தைரியம் போய் வீரம் வந்தது. ஒலி இருமுறை மாறியது, பொருள் அப்படியே இருந்தது.

உடையிலும் உணவிலும் அவர் இம்மண்ணின் துறவியாகவே வாழ்ந்தார் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. ஆனால் வாழ்வு எளிதாக இருக்கவில்லை. தென்பகுதியில் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளிலேயே மரண தண்டனை தீர்ப்பிடப்பட்டு, அதிலிருந்து தப்பினார். வெயிலும் நோயும் எதிர்ப்பும் இருந்த அந்த நாள்களில் அவர் செய்த காரியம் நம்மை வியக்கவைக்கிறது. புலவர்களிடம் மாணவராக உட்கார்ந்து தமிழ் படித்தார். எழுத்திலிருந்து தொடங்கி யாப்பும் அணியும்வரை படித்தார். முப்பது வயதில் அ, ஆ கற்கத் தொடங்கியவர், நாற்பத்தைந்து வயதுக்குள் காப்பியம் பாடும் புலவராகிவிட்டார்!

விருத்தாசலத்திற்கு அருகில் கோணான்குப்பத்தில் அன்னை மரியாவுக்கு ஆலயம் எழுப்பினார். அன்னைக்கு அவர் கொடுத்த பெயர் பெரியநாயகி. உருவமும் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் அமைந்தது. அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் திருத்தலத்தை வளர்த்தார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். ஊருக்கும், அன்னைக்கும், தமக்கும் அவர் வைத்த பெயர்களில், கேட்டவுடன் பொருள் விளங்காத பெயர் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பெயர்ப்பணியின் சிகரம் தேம்பாவணி. புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு அவர் பாடிய காப்பியம் இது. மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள். 1726இல் நிறைவுற்றது. தேம்பா அணி என்று பிரித்தால் வாடாத மாலை என்றும், தேன் பா அணி என்று பிரித்தால் தேன்போன்ற பாக்களால் ஆன மாலை என்றும் பொருள் வரும். நூலின் பெயரிலேயே இரு பொருள் வைத்தவர், கதைமாந்தரின் பெயர்களைச் சும்மா விடுவாரா?

அதுவரை நம் மக்கள் சூசை என்றும் சூசையப்பர் என்றும் அழைத்துவந்தார்கள். போர்த்துக்கீசியரின் நாவிலிருந்து நம் செவிக்கு வந்த ஒலி அது. அன்பான பெயர்தான், ஆனால் தனியே பொருள் தராது. முனிவர் எபிரேய மூலத்திற்குச் சென்றார். தொடக்கநூலில் இராகேல் நெடுங்காலம் பிள்ளையின்றி வாடி, பிறகு ஒரு மகனைப் பெறுகிறாள். ஆண்டவர் இன்னும் ஒரு மகனைச் சேர்த்துத் தருவாராக என்ற வேண்டுதலோடு அவனுக்கு யோசேப்பு என்று பெயரிடுகிறாள். சேர்த்தல், பெருகுதல் என்பதே அப்பெயரின் உட்பொருள். பெருகுவதைத் தமிழில் வளம் என்கிறோம், வளர்ச்சி என்கிறோம். ஆகவே தேம்பாவணியின் தலைவர் வளன் ஆனார். மூன்றே எழுத்து. பாட்டியும் சொல்லலாம், குழந்தையும் சொல்லலாம். இருநூறு ஆண்டுகள் கழிந்து, முந்நூறும் நெருங்கிவிட்ட இன்றும் நாம் புனித வளனார் என்கிறோம். திருச்சியின் புனித வளனார் கல்லூரியை அறியாதவர் யார்?

அதேபோல் திருமுழுக்கு யோவானுக்குத் தேம்பாவணியில் கருணையன் என்று பெயர். ஆண்டவரின் அருளைக் கருணை என்ற சொல்லில் வைத்தார். ஆக, ஷான், அருளப்பன், கருணையன் மூவரும் ஒரே புனிதரின் பெயரைச் சுமப்பவர்கள்.

இந்த வழக்கம் அவர் ஒருவரோடு நின்றதும் அன்று. நம் திருச்சபையின் பழைய ஆண்பெயர்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவன். நம் முன்னோர் சின்னப்பர் என்றார்கள். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் மணிமுடி. முடியப்பர் என்றார்கள். அந்திரேயா என்றால் ஆண்மையும் வலிமையும் உடையவர். பெலவேந்திரர் என்றார்கள். பெனடிக்ட் என்றால் ஆசி பெற்றவர். ஆசீர்வாதப்பர் என்றார்கள். தோமினிக் என்றால் ஆண்டவருக்கு உரியவர். சாமிநாதர் என்றார்கள். சின்னப்பன், முடியப்பன், பெலவேந்திரன், ஆசீர்வாதம் என்பவை பட்டிக்காட்டுப் பெயர்கள் என்று சில இளைஞர்கள் கூச்சப்படுவதைப் பார்க்கிறோம். அவை கிரேக்கமும் இலத்தீனும் அறிந்து, தமிழும் அறிந்து செய்யப்பட்ட பெயர்கள் என்று தெரிந்தால் கூச்சம் போய்ப் பெருமை வந்துவிடும்.

1995இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் யோவான், பேதுரு, பவுல் என்ற வடிவங்கள் இடம்பெற்றன. கிறிஸ்தவ சபைகள் அனைத்தும் ஒரே பெயரால் திருத்தூதரை அழைக்க அது உதவியது. அதே வேளையில், அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்ற பெயர்கள் பீடத்திலிருந்து கேட்பது குறைந்தது. இன்று இருபது வயதுப் பிள்ளையிடம் அருளப்பர் யார் என்று கேட்டால் விழிப்பதில் வியப்பில்லை. சொல்லித்தர வேண்டியது நம் கடமை.

பெயரின் பொருளைப் போலவே பெயரின் ஒலியையும் முனிவர் காத்தார். அவர் காலத்து ஓலைச்சுவடிகளில் எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் வேறுபாடு தெரியாது. குறிலின்மேல் புள்ளி வைக்க வேண்டும் என்பது பழைய இலக்கண விதி. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆகவே எரி என்று எழுதியிருந்தால் நெருப்பா, நீர் நிறைந்த ஏரியா என்று இடம் பார்த்துத்தான் அறியவேண்டும். ஏரிகள் நிறைந்த காஞ்சிபுரத்து மக்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை நன்றாகவே தெரியும். பெயர் என்பதையும் பேயர் என்பதையும்கூட ஒரேமாதிரிதான் எழுதியிருப்பார்கள்! முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். ஏ என்ற எழுத்துக்குக் கீழே ஒரு கோடு, மேலே சுழித்த இரட்டைக்கொம்பு, ஓ என்ற எழுத்துக்குக் கீழே ஒரு சுழி என நாம் இன்று பள்ளியில் எழுதிப் பழகும் வடிவங்கள் அவர் தந்த கொடை. ஒரு பெயரைச் சரியாக உச்சரிப்பது, அதை உடையவருக்கு நாம் தரும் மரியாதை அல்லவா?

அகராதியிலும் அவர் பொருளைத் தேடினார். 1732இல் அவர் தொகுத்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள். முதலாவது பகுதியே பெயரகராதி. சூத்திரங்களாக மனப்பாடம் செய்யவேண்டியிருந்த நிகண்டுகளின் செல்வத்தை, யார் வேண்டுமானாலும் அகர வரிசையில் தேடி எடுக்கும்படி செய்துவிட்டார். ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம் எழுதினார். மேனாட்டவர் தமிழ் கற்க இலத்தீனில் இலக்கணம் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். சிரிக்கவும் வைத்தார். பரமார்த்த குருவின் சீடர்களுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று அவர் வைத்த பெயர்களைக் கேட்டாலே கதை புரிந்துவிடுகிறதே!

கடைசி ஆண்டுகளில் கேரளத்தின் அம்பழக்காட்டில் இருந்த இயேசு சபை இல்லத்தில் தங்கினார். 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அது புனித அருளானந்தர் மறைசாட்சியாக உயிர் நீத்த அதே நாள். முப்பது வயதில் வந்தவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, மெரினா கடற்கரையில் தமிழ்ச் சான்றோர்க்குச் சிலைகள் வைக்கப்பட்டன. அவர்களுள் வீரமாமுனிவரும் ஒருவர். அயர்லாந்தில் பிறந்து தமிழுக்கு உழைத்த கால்டுவெல்லுக்கும் அங்கே சிலை உண்டு. அப்போது முதலமைச்சராக இருந்தவர் அறிஞர் அண்ணா. காஞ்சிபுரத்தில் 1909இல் பிறந்தவர். நம் மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானத்தை 1967இல் சட்டமன்றத்தில் நிறைவேற்றியவரும் அவரே. பெயர் என்பது வெறும் ஒலி அன்று, அது ஒரு மக்களின் உள்ளம் என்று அறிந்த காஞ்சியின் மைந்தர் காலத்தில், அதை அறிந்த முனிவருக்குச் சிலை எழுந்தது பொருத்தம்தானே?

மீண்டும் அந்த நெசவாளர் வீட்டுக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் சிறப்பே கோர்வை என்பார்கள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொண்டே போகிறார்கள். பொறுமை வேண்டும், பக்கத்தில் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். அப்படி நெய்த சேலை பழசாகிக் கிழிந்தாலும் கரை பிரியாது என்று நெசவாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். முனிவர் செய்ததும் அதுதான். எபிரேயப் பொருளையும் தமிழ் ஒலியையும் பிரியாதபடி கோத்தார். நம் வீடுகளிலும் தாத்தாவின் பெயரையும் பேரனின் பெயரையும் அப்படிக் கோக்கலாம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள்.

வேற்றுநாட்டுப் பெயரே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கெவின் என்ற பெயர் இன்று நம் பங்குகளில் சாதாரணமாகிவிட்டது. அது அயர்லாந்தில் கிளெண்டலாக் பள்ளத்தாக்கில் துறவு மடம் நிறுவிய ஒரு புனிதரின் பெயர். அழகிய பிறப்பு, இனிய பிறப்பு என்று பொருள். அந்நாட்டு மக்கள் கீவீன் என்பதுபோல் முதல் எழுத்தை நீட்டிச் சொல்கிறார்கள். நம் பாட்டி கேவின் என்று நீட்டினால் சிரிக்க வேண்டியதில்லை! ஷான் என்ற பெயரையும் எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்தால் சீன் என்றுதான் வரும். பிள்ளை பள்ளிக்குப் போகும் முதல் நாளிலிருந்து வகுப்புதோறும் திருத்திச் சொல்லவேண்டியிருக்கும். இதையெல்லாம் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. அயர்லாந்து மக்களும் நம்மைப்போலவே புனிதர்களின் பெயர்களைத் தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்டவர்கள்தாம். அவர்கள் தம் மொழியில் செய்ததை நாம் கடன் வாங்குகிறோம். நம் முன்னோர் நம் மொழியில் செய்ததை மறந்துவிடுகிறோம். அதுதான் வருத்தம்.

திருச்சபைச் சட்டமும் (எண் 855) கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயரைச் சூட்டாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்தப் பொறுப்பு மூவருக்கும் உண்டு. எனவே திருமுழுக்குக்கு முன்பே வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சில கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். இந்தப் பெயரின் பொருள் என்ன? இது எந்தப் புனிதருடையது? அவர் கதையை நம் பிள்ளைக்குச் சொல்ல நமக்குத் தெரியுமா? வீட்டின் மூத்தவர் இந்தப் பெயரை வாய்நிறைய அழைக்க முடியுமா? நம் குடும்பத்தில் இதே பெயர் வேறு வடிவில் ஏற்கெனவே இருக்கிறதா?

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு பெயர்ச் சண்டை வருகிறது. செக்கரியா வீட்டுக் குழந்தைக்குத் தந்தையின் பெயரையே வைக்கவேண்டும் என்று உறவினர் நிற்கிறார்கள். எலிசபெத்து மறுக்கிறார். பேச்சிழந்திருந்த செக்கரியா பலகையில் ஒரு பெயரை எழுதுகிறார். அவர் நா உடனே கட்டவிழ்கிறது, இறைவனைப் புகழ்கிறது. அவர் எழுதிய பெயர் யோவான். அதாவது அருளப்பன். அதாவது ஷான். உறவினர் பிரிந்து நின்ற அந்த வீட்டில், பெயரின் பொருளை அறிந்த பெற்றோர் இருவரும் ஒன்றாக நின்றார்கள்.

நம் காஞ்சிபுரத்துத் தாத்தாவிடம் யாராவது இதைச் சொன்னால் அவர் முகம் மலரும் என்றே நம்புகிறோம். பதிவேட்டில் ஷான் அருளப்பன் என்று எழுதினாலும் சரி, ஷான் என்று மட்டும் எழுதி வீட்டில் அருளப்பா என்று அழைத்தாலும் சரி, அந்தப் பிள்ளை தாத்தாவின் பெயரனாகவே வளர்வான். தன் பெயருக்கு என்ன பொருள் என்று அவன் ஒருநாள் கேட்கும்போது, பதில் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருக்கவேண்டும். அந்த ஆளாக இருக்கும் வரத்தை, நம்மை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் இறைவன் நமக்குத் தருவாராக.